ஆர் மென்பொருள்: கணக்கு என்றாலே ஓடுபவர்களும் கற்கலாமா? முதல் நாளில் என்ன நடக்கும்?

மாவட்ட வாரியான ஒரு எக்செல் ஃபைல். 38 மாவட்டங்கள், பக்கத்தில் எண்ணிக்கை. "சராசரியா ஒரு மாவட்டத்துக்கு எவ்வளவுன்னு ஒரு கார்டு போட்டுடு" என்றார் ஷிஃப்ட் இன்சார்ஜ். மேலிருந்து கீழே இழுத்தேன், ஆவரேஜ் போட்டேன், கார்டு போய்விட்டது. அதே பட்டியலை இணையத்தில் பார்த்திருந்த ஒருவர் கால் மணி நேரத்தில் கமென்ட்டில் கேட்டார்: "கடைசி வரியில 'மொத்தம்'னு இருக்கே, அதையும் சேர்த்தா சராசரி எடுத்தீங்க?"

ஆமாம், அதையும் சேர்த்துத்தான் எடுத்திருந்தேன். 38 மாவட்டங்களின் கூட்டுத்தொகை, 39ஆவது மாவட்டம் மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அப்படி நடந்தால் சராசரி எவ்வளவு மாறும் தெரியுமா? ஏறக்குறைய இரண்டு மடங்கு. கணக்குப் போட்டால் 1.95 மடங்கு. கார்டை எடுத்துவிட்டுத் திருத்தம் போட்டோம். ஆனால் பழைய கார்டு அதற்குள் வாட்ஸ்ஆப்பில் கிளம்பிவிட்டது. அதைத் திரும்பக் கூப்பிட முடியாதே.

நான் தமிழ் இலக்கியம் படித்தவன். பன்னிரண்டாம் வகுப்போடு கணக்குக்கு வணக்கம் வைத்தவன். அந்தக் கார்டுக்குப் பிறகுதான் 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்க உட்கார்ந்தேன். ஆராய்ச்சி மாணவர்கள், நர்சிங், சமூகப்பணி, வணிகவியல் படிப்பவர்கள், போட்டித் தேர்வு முடித்து அரசு அலுவலகத்தில் அறிக்கை தயாரிப்பவர்கள் என்று பலருக்கும் இன்று இந்தத் தேவை வருகிறது. முதல் சில வாரங்களில் என்ன நடக்கும், எங்கே தடுக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

எக்செல் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. எக்செல் மோசமான மென்பொருள் இல்லை. அதில் செய்த தவறு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். கட்டத்தில் எண்தான் தெரியும், அந்த எண் எப்படி வந்தது என்பது கட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

உலகமே பேசிய ஓர் உதாரணம் இருக்கிறது. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு புகழ்பெற்ற பொருளாதார அறிஞர்கள் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு நாட்டின் அரசுக் கடன், அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும், சராசரியாக மைனஸ் 0.1 சதவீதம்தான் இருக்கும் என்றது அந்த ஆய்வு. அரசுச் செலவுகளை வெட்ட வேண்டும் என்று வாதிட்ட பல தலைவர்கள் இதை மேற்கோள் காட்டினார்கள்.

2013இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக இதே ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடமே கேட்டு அந்த எக்செல் ஃபைலை வாங்கினார். சராசரி எடுத்த சூத்திரத்தில் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன! சூத்திரத்தை இழுக்கும்போது ஐந்து வரி முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். வேறு சில கணக்கீட்டு முடிவுகளும் கேள்விக்கு உள்ளாயின. எல்லாவற்றையும் சரிசெய்து ஹெர்ன்டன் குழு போட்ட கணக்கில் வந்த வளர்ச்சி, பிளஸ் 2.2 சதவீதம். (வித்தியாசம் முழுக்க எக்செல் தவறால் வந்ததில்லை, அதன் பங்கு சிறியதுதான். ஆனால் மாட்டியது அதுதான்.)

இன்னொன்று, கொரோனா காலத்தில் நடந்தது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 பேரின் பாசிட்டிவ் முடிவுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. காரணம், தகவலைப் பழைய வகை எக்செல் ஃபைலில் சேர்த்ததுதான். அந்த வகையில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மீதி வந்ததெல்லாம் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது. தொற்றுள்ளவர்களுடன் பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது.

ஆர் போன்ற மென்பொருளில் தவறே வராது என்று சொல்லவில்லை. நன்றாக வரும். ஆனால் நீங்கள் செய்த ஒவ்வொரு வேலையும் வரி வரியாக எழுத்தில் இருக்கும். அதை இன்னொருவர் வாசித்து "இங்கே ஐந்து நாட்டை விட்டுட்டீங்க" என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

ஆர், எஸ்பிஎஸ்எஸ், ஜமோவி... எதை எடுப்பது?

நம் கல்லூரிகளில் அதிகம் கேட்கும் பெயர் எஸ்பிஎஸ்எஸ். 1968இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் சமூக அறிவியல் ஆய்வுகளுக்காக உருவானது, 2009இல் ஐபிஎம் நிறுவனம் வாங்கியது. மெனுவைத் தட்டித் தட்டியே வேலை முடிக்கலாம். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், விலையும் மாணவர்கள் தாங்கும் அளவில் இல்லை.

அதே மாதிரி மெனுவோடு, இலவசமாகக் கிடைப்பவை ஜமோவி, ஜாஸ்ப், பிஎஸ்பிபி. இதில் ஜாஸ்ப், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. "எனக்கு ஆய்வேட்டுக்கு நாலு அட்டவணை வந்தா போதும்" என்பவர்கள் ஜமோவியில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. ஜமோவி உள்ளே ஆரைத்தான் ஓட்டுகிறது. பின்னாளில் அங்கே மாறுவதும் எளிது.

ஆர், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1990களின் தொடக்கத்தில் மாணவர்களுக்குப் பாடம் நடத்த உருவாக்கினார்கள். இருவர் பெயரின் முதல் எழுத்தும் 'ஆர்'. அதற்கு முன் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் குழு உருவாக்கிய 'எஸ்' என்ற மொழியின் வழியில் வந்தது என்பதால், பெயரும் ஒற்றை எழுத்தாகவே நின்றுவிட்டது. முழுமையான முதல் பதிப்பு வந்த நாள் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29. இன்றுவரை முற்றிலும் இலவசம்.

முதல் நாள்: இரண்டு டவுன்லோடு, ஒரு பிளஸ் குறி

முதலில் கிரான் என்ற தளத்தில் இருந்து ஆரை இறக்க வேண்டும். பிறகு ஆர்ஸ்டூடியோ. இந்த வரிசை முக்கியம். ஆர்ஸ்டூடியோவை மட்டும் இறக்கிவிட்டு "ஓப்பனே ஆகலை" என்று தவிப்பவர்கள் நிறைய. கணக்குப் போடுவது ஆர். நாம் உட்கார்ந்து எழுதுவதற்கு வசதியான மேசைதான் ஆர்ஸ்டூடியோ.

திறந்ததும் சில பெட்டிகள் தெரியும். பயப்படாதீங்க. இடப்பக்கம் கன்சோல் என்று ஒரு பெட்டி, அதில் கூர்முனைக் குறி ஒன்று கண்ணடித்துக்கொண்டிருக்கும். அங்கே 2 பிளஸ் 3 என்று அடித்து என்டர் தட்டினால் 5 வரும். அவ்ளோதான், நீங்கள் ஆர் பயன்படுத்திவிட்டீர்கள்.

அடுத்த அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் ஒரு விபத்து நடக்கும். கூர்முனைக் குறிக்குப் பதிலாக ஒரு பிளஸ் குறி வந்து நிற்கும். என்ன அடித்தாலும் விடை வராது, மறுபடி பிளஸ்தான் வரும். நான் கணினியையே அணைத்துவிட்டுத் திரும்பத் திறந்தேன். விஷயம் இதுதான்: எங்கேயோ ஓர் அடைப்புக்குறியையோ மேற்கோள் குறியையோ திறந்துவிட்டு மூடாமல் விட்டிருப்பீர்கள். "வாக்கியம் இன்னும் முடியலையே, சொல்லுங்க" என்று ஆர் காத்திருக்கிறது. எஸ்கேப் பட்டனைத் தட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்று: ஆருக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. 'மீன்' என்பது சராசரிக்கான கட்டளை. (நாக்கில் நீர் ஊறினால் நான் பொறுப்பல்ல.) அதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டால் அப்படி ஒன்றே இல்லை என்று சிவப்பில் திட்டும். கட்டளைகள் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், இங்கே உச்சரிப்பை மட்டும் தமிழில் தருகிறேன்.

கன்சோலில் அடித்தது அப்போதைக்கு மட்டும்தான். எனவே ஃபைல் மெனுவில் போய் ஒரு புது ஸ்கிரிப்ட் திறந்து, அதில் எழுதி, கன்ட்ரோலும் என்டரும் சேர்த்துத் தட்டி வரி வரியாக ஓட்டுங்கள். இந்தப் பழக்கம் முதல் நாளே வந்துவிட வேண்டும். ஹெர்ன்டன் மாதிரி ஒருவர் நாளைக்கு உங்களிடம் வந்து கேட்டால், எடுத்து நீட்ட உங்களிடம் இருப்பது அந்த ஸ்கிரிப்ட்தான்.

உயரமே இல்லாத பெண்ணின் எடை

ஆருக்குள் பயிற்சிக்கென்று சில தகவல் தொகுப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. எதையும் தேடி அலைய வேண்டாம். 'விமன்' என்று அடித்து என்டர் தட்டுங்கள். 15 வரிசைகள் வரும். ஒரு பக்கம் உயரம், 58 அங்குலத்தில் இருந்து 72 அங்குலம் வரை. இன்னொரு பக்கம் எடை, 115 பவுண்டில் இருந்து 164 பவுண்டு வரை. அமெரிக்கப் பெண்களின் உயரமும் எடையும்.

'சம்மரி' என்ற கட்டளை கொடுத்தால் குறைந்த அளவு, அதிக அளவு, சராசரி, இடைநிலை எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். சராசரி உயரம் 65 அங்குலம், சராசரி எடை 136.7 பவுண்டு. 'பிளாட்' என்றால் புள்ளி வரைபடம் வரும். புள்ளிகள் ஏணி வைத்த மாதிரி ஒரே சீராக மேலே ஏறும்.

அடுத்து 'எல்எம்' என்ற கட்டளை. உயரத்தை வைத்து எடையைக் கணிக்கும் ஒரு நேர்கோட்டை ஆர் போட்டுக் கொடுக்கும். எனக்கு இரண்டு எண்கள் வந்தன: 3.45, மைனஸ் 87.52. முதல் எண்ணின் பொருள், உயரம் ஓர் அங்குலம் கூடினால் எடை 3.45 பவுண்டு கூடுகிறது. சரி. இரண்டாவது? உயரம் பூஜ்யமாக இருந்தால் எடை மைனஸ் 87.52 பவுண்டு!

உயரமே இல்லாத ஒரு பெண், அவருக்கு எடை மைனஸில். ஆர் இதைச் சொல்லும்போது சிரிக்கவும் இல்லை, எச்சரிக்கவும் இல்லை. அது கோட்டைப் போடும், கோடு எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் எண்ணைச் சொல்லும். 58க்கும் 72க்கும் நடுவில் மட்டும்தான் நம்மிடம் தகவல் இருக்கிறது என்பதை நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் எனக்கு இன்னொரு அடியும் விழுந்தது. உயரத்துக்கும் எடைக்கும் இவ்வளவு கச்சிதமான தொடர்பா என்று வியந்து, நண்பனுக்கு ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அனுப்பினேன். நிஜத்தில் நம் தெருவிலேயே ஒரே உயரத்தில் ஒல்லியானவரும் இருப்பார், பருமனானவரும் இருப்பார் இல்லையா? பிறகுதான் விமன் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டு என்டர் தட்டினேன். அப்படிச் செய்தால் அந்தத் தகவலைப் பற்றிய குறிப்புப் பக்கம் திறக்கும். அதில் இருந்தது: இவை 30 முதல் 39 வயதுள்ள அமெரிக்கப் பெண்களின் *சராசரி* உயரமும் எடையும். அதாவது 15 வரிசை என்பது 15 பெண்கள் இல்லை. ஒவ்வொரு வரிசையும் ஒரு கூட்டத்தின் சராசரி. ஆள் ஆளுக்கு இருக்கும் வேறுபாடெல்லாம் ஏற்கெனவே கரைந்துபோய்விட்டது. அதனால்தான் ஏணி அவ்வளவு நேராக இருந்தது.

மென்பொருள் கற்கிறோம் என்று கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். தகவல் எங்கிருந்து வந்தது, ஒரு வரிசை என்றால் என்ன என்று கேட்கத் தோன்றவே இல்லை. தொல்காப்பியத்துக்கு உரை தேடத் தெரிந்தவனுக்கு, ஒரு அட்டவணைக்கு உரை தேடத் தெரியவில்லை!

நம்ம ஊர் ஃபைலைத் திறந்தால்...

பயிற்சித் தகவல்கள் குளித்துப் பொட்டு வைத்த பிள்ளைகள் மாதிரி சுத்தமாக இருக்கும். நமக்கு வரும் நிஜ ஃபைல்கள் அப்படி இருக்காது. இங்கேதான் பாதிப் பேர் கைவிடுகிறார்கள். எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் தடை, காற்புள்ளி. 1,20,000 என்று நாம் எழுதுவதை ஆர் எண் என்று ஏற்காது. காற்புள்ளி இருப்பதால் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். சராசரி கேட்டால், இது எண்ணே இல்லை என்று எச்சரித்துவிட்டு 'என்ஏ' என்று பதில் தரும். 'ரீடர்' என்ற துணைத் தொகுப்பில் உள்ள 'பார்ஸ் நம்பர்' கட்டளை, காற்புள்ளிகளை எடுத்துவிட்டு எண்ணாக மாற்றிக் கொடுக்கும். அதே மாதிரி ஒரு நெடுவரிசையில் ஒரே ஒரு இடத்தில் தகவல் இல்லை என்பதற்குச் சிறுகோடு போட்டிருந்தாலும், மொத்த நெடுவரிசையுமே எழுத்தாகிவிடும்.

தொல்லையாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இதையே எக்செல் எப்படிச் செய்யும்? ஆறு மாவட்டங்களின் எண்கள் எழுத்து வடிவில் பதிவாகியிருந்தால், ஆவரேஜ் சூத்திரம் அந்த ஆறையும் விட்டுவிட்டு மீதி 32க்கு மட்டும் சராசரி எடுத்துத் தந்துவிடும். பெரும்பாலும் கட்டத்தின் மூலையில் ஒரு சின்ன பச்சை முக்கோணம் காட்டும். அதை யார் பார்க்கிறார்கள்?

இரண்டாவது, அந்த 'என்ஏ'. தகவல் இல்லாத இடத்தை ஆர் இப்படித்தான் குறிக்கும். நூறு எண்களில் ஒன்றே ஒன்று என்ஏவாக இருந்தாலும் சராசரியும் என்ஏ என்றுதான் வரும். முதலில் எரிச்சலாக இருந்தது. யோசித்தால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. நூறு பேரில் ஒருவரின் வயது தெரியாதபோது, நூறு பேரின் சராசரி வயது எப்படித் தெரியும்? "தெரியாதவரை விட்டுவிடு" என்று நாம் வாய்விட்டுச் சொன்னால்தான் (என்ஏ-ஆர்எம் என்பதை ட்ரூ என்று கொடுத்தால்) விடும். யாரை விட்டோம் என்பதற்கு நாமே பொறுப்பு.

மூன்றாவதுதான் ஆபத்தானது. சிலர் தகவல் இல்லாத இடத்தில் 999 என்று போட்டு வைப்பார்கள். பத்துப் பேர், ஒன்பது பேருக்கு வயது 30, ஒருவர் வயது சொல்லவில்லை என்பதால் 999. சராசரி வயது 126.9 என்று வரும். இது பார்த்ததும் தெரிந்துவிடும். ஆனால் ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கு 999 என்றால்? சராசரி இரண்டு வயது கூடும், யாருக்கும் சந்தேகம் வராது.

ஆண் 1, பெண் 2 என்று குறித்திருந்தால், பாலினத்துக்குச் சராசரி 1.4 என்று எடுத்துத் தரும். பின்கோடுக்கும் சராசரி கொடுக்கும். எண்ணாக இருக்கிறது, கேட்டீர்கள், தந்தது. இவையெல்லாம் வகைக்கு வைத்த பெயர்கள்தான், அளவுகள் இல்லை என்பதை 'ஃபேக்டர்' என்ற கட்டளையால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தமிழில் மாவட்டப் பெயர்கள் உள்ள ஃபைல் என்றால் ஒரு காலத்தில் பெரிய தலைவலி. விண்டோஸ் கணினியில் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகக் குறியீட்டு எண்கள் கொட்டும். 2022இல் வந்த ஆர் 4.2 பதிப்பில் இருந்து இது பெருமளவு தீர்ந்துவிட்டது. எக்செல்லில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் சென்னையும் மதுரையும் கேள்விக்குறிகளாகிவிடும். போன தமிழ் திரும்ப வராது, மூல ஃபைலில் இருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

அந்த 'மொத்தம்' வரி? அதை ஆரும் கண்டுபிடிக்காது. ஆனால் இப்போது ஃபைலைத் திறந்ததும் 'டெய்ல்' என்ற கட்டளையால் கடைசி ஆறு வரிகளைப் பார்க்காமல் நான் எதையும் தொடுவதில்லை.

எந்தச் சராசரி?

ஒரு சின்ன அலுவலகம். ஐந்து பேரின் மாதச் சம்பளம் 15,000, 16,000, 18,000, 20,000, 1,50,000. சராசரி 43,800 ரூபாய். ஐந்தில் நாலு பேர் அதில் பாதிகூட வாங்கவில்லை. வரிசைப்படுத்தி நடுவில் உள்ளவரை எடுத்தால் 18,000. இதுதான் இடைநிலை, ஆரில் 'மீடியன்'. செய்தியில் 'சராசரி வருமானம்' என்று வரும்போதெல்லாம் இந்த ஐந்து பேரை நினைத்துக்கொள்வேன். சதவீதமும் இப்படித்தான்: 40 சதவீதம் 44 சதவீதமானால் கூடியது 4 சதவீதப் புள்ளி. ஆனால் சதவீதக் கணக்கில் உயர்வு 10. இரண்டும் உண்மை, தலைப்புக்கு எது வசதியோ அதை எடுக்கிறோம் என்பதும் உண்மை.

0.05 என்ற மந்திர எண்

மதுரையில் என் பெரியம்மா மகள் வணிகவியலில் பிஎச்டி செய்கிறார். 312 பேரிடம் கேள்வித்தாள் வாங்கி, அதை ஒரு 'டேட்டா அனாலிசிஸ்' கடையில் கொடுத்தார். பணம் கட்டி, இரண்டு வாரத்தில் அறுபது பக்க அச்சு வந்தது. "எல்லாம் சிக்னிஃபிகன்ட் மேடம்" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். எனக்கு போன் செய்தார். "தம்பி, நீ ஏதோ சாஃப்ட்வேர் படிக்கிறியாமே. இந்த 'சிக்' காலத்துல .000ன்னு போட்டிருக்கு. பூஜ்யம்னா என்னடா? வைவால கேட்டா என்ன சொல்லட்டும்?"

எனக்கும் அன்று தெரியாது. பிறகு இருவரும் படித்துத் தெரிந்துகொண்டோம். அது பூஜ்யம் இல்லை. மூன்று தசம இடம் வரைதான் எஸ்பிஎஸ்எஸ் காட்டுகிறது, 0.0005ஐ விடக் குறைவு என்று பொருள். ஆய்வேட்டில் 0.001ஐ விடக் குறைவு என்று எழுத வேண்டும்.

அந்த எண், 'பி மதிப்பு', உண்மையில் எதைச் சொல்கிறது? பூவா தலையா போடுவோம். பத்துத் தடவை சுண்டியதில் எட்டுத் தலை. காசில் கோளாறா? நல்ல காசு என்றே வைத்துக்கொள்வோம். நல்ல காசிலும் இவ்வளவு ஒருதலைப்பட்சமாக, அல்லது இதைவிட மோசமாக, தற்செயலாகவே விழ எவ்வளவு வாய்ப்பு? ஆரில் 'பைனாம் டெஸ்ட்' என்று கேட்டால் 0.109 என்று வரும், ஏறக்குறைய நூற்றில் பதினொன்று. ஒன்பது தலை விழுந்திருந்தால் 0.021, நூற்றில் இரண்டு. 0.05 என்பது வழக்கத்தில் வந்த ஒரு எல்லைக்கோடு. எட்டுத் தலை கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒன்பது இந்தப் பக்கம். அதற்கு மேல் அதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

வேறுபாடு பெரியதா சிறியதா, முக்கியமானதா இல்லையா என்பதை பி மதிப்பு சொல்லாது. ஆட்கள் அதிகமானால் அற்ப வேறுபாடும் கோட்டைத் தாண்டிவிடும். இந்த எல்லைக்கோட்டை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள் என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016இல் அறிக்கை வெளியிட்டது. இன்னொரு கணக்கும் இருக்கிறது: உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத இடத்தில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகள் ஓட்டினால், ஏதாவது ஒன்றாவது தற்செயலாக 'சிக்னிஃபிகன்ட்' ஆக 64 சதவீத வாய்ப்பு உண்டு. அக்காவின் அறுபது பக்கத்தில் எத்தனை சோதனைகள் இருந்தன என்று நாங்கள் எண்ணிப் பார்த்தோம். எண்ணியதும் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

போனில் கற்க முடியுமா? ஏஐ எழுதித் தராதா?

இதைப் போனில் படிப்பவர்கள்தான் அதிகம் என்பதால் சொல்கிறேன். கூகுள் கோலாப், போசிட் கிளவுட் ஆகிய இரண்டிலும் எதையும் இன்ஸ்டால் செய்யாமல், உலாவியிலேயே ஆர் ஓட்டலாம். போனிலும் திறக்கும். ஆனால் அடைப்புக்குறியும் மேற்கோள் குறியும் தேடித் தேடி அடிப்பதற்குள் பொறுமை போய்விடும். ருசி பார்க்கப் போன் போதும், வேலை செய்யக் கீபோர்டு வேண்டும். பழைய லேப்டாப்பே தாராளம்.

ஐஐடி கான்பூர் பேராசிரியர் ஷலப் நடத்தும் ஆர் அறிமுக வகுப்பு என்பிடெல் தளத்தில் இருக்கிறது. ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்திலும் ஆர் பாடங்கள் உண்டு. 'ஸ்வர்ல்' என்ற தொகுப்பை நிறுவினால் ஆருக்குள்ளேயே ஆசிரியர் மாதிரி கேள்வி கேட்டு நடத்தும்.  தமிழில் இப்படிப் பாடங்கள் பெருகினால் எத்தனையோ பேருக்கு உதவும். தொகுப்புகளைப் பற்றி ஒரு குறிப்பு: 'இன்ஸ்டால்' ஒருமுறை செய்தால் போதும், 'லைப்ரரி' என்று அழைப்பது மட்டும் ஒவ்வொரு முறை ஆரைத் திறக்கும்போதும் செய்ய வேண்டும். "நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடலை" என்ற புலம்பலில் பாதி இதனால்தான்.

ஏஐ சாட்பாட்டுகள் ஆர் கட்டளைகளை நன்றாகவே எழுதித் தருகின்றன. பிழைச் செய்தியை அப்படியே ஒட்டி என்ன அர்த்தம் என்று கேட்பதற்கு அருமையான துணை. சில சமயம் இல்லவே இல்லாத தொகுப்பின் பெயரையும் சொல்லும், அது ஓடாது, தெரிந்துவிடும். ஓடி, தவறான விடை தருவதுதான் சிக்கல். கையால் கணக்கிடக்கூடிய ஐந்து எண்களை முதலில் கொடுத்துச் சரிபார்த்துவிட்டுப் பெரிய ஃபைலுக்குப் போகிறேன். உங்கள் ஆய்வில் பங்கேற்றவர்களின் பெயர், போன் எண் உள்ள ஃபைலை அப்படியே சாட்பாட்டில் ஏற்றாதீர்கள்.

எத்தனை நாளாகும் என்று கேட்டால், தினமும் ஒரு மணி நேரம் வைத்து எனக்கு ஃபைலைத் திறந்து, சுத்தம் செய்து, ஒரு வரைபடம் போட ஆறு வாரம் ஆனது. இரண்டாவது வாரம்தான் மிக மோசம்.

அக்கா ஜமோவியை இறக்கி, 312 பேரின் பதில்களையும் திரும்ப உள்ளிடத் தொடங்கினார். கேள்வித்தாளில் இரண்டு கேள்விகள் எதிர்மறையாகக் கேட்கப்பட்டவை. "இந்தச் சேவையில் எனக்குத் திருப்தி இல்லை" என்பது போல. அதற்கு 5 போட்டவர், மற்றக் கேள்விகளில் 1 போட்டவருக்குச் சமம். அப்படிப்பட்ட பதில்களை 6இல் இருந்து கழித்துத் திருப்பிப் போட வேண்டும். கடையில் அதைச் செய்யவே இல்லை. அதனால் அதிருப்தியாளர்கள் எல்லோரும் அந்த இரண்டு கேள்விகளில் திருப்தியாளர்களாகக் கணக்கில் ஏறியிருந்தார்கள்.

வைவாவுக்கு இன்னும் தேதி வரவில்லை. பரணில் இருந்து இறங்கிய படிவக் கட்டுகள் பெரியம்மா வீட்டு ஹாலில்தான் கிடக்கின்றன. போன ஞாயிறு அக்காவிடம் இருந்து ஒரு மெசேஜ்: "டேய், 14 பேருக்கு வயசு 99ன்னு இருக்கு. படிவத்தை எடுத்துப் பார்த்தா அந்த இடம் காலி."